504 புள்ளிகளும் ஒரு மனுவும்

கார்லைல் பள்ளியின் 1912 கால்பந்து அணிக்கு ஒரு திறந்த மடல்

கார்லைல் ஆட்டக்காரர்களே,

'பிள்ளைகளே' என்று தொடங்கத்தான் கை போனது. எழுதி அடித்துவிட்டேன். நீங்கள் களத்தில் நின்ற காலத்தில் உங்களை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று திரும்பிய ஜிம் தார்ப்புக்கு வயது இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதும் பத்திரிகைகளுக்கு அவர் ஒரு 'பள்ளிப் பையன்'. ஆளானவர்களைப் பையன் என்று அழைப்பதில் என்ன அரசியல் இருக்கிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால் நீங்கள் செய்த தொழிலைச் சொல்லியே அழைக்கிறேன்.

உங்களுக்கு மடல் எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்டால் பதில் இல்லை. என் தலைமுறைத் தமிழ்ப் பையன்களுக்கு உங்களை அறிமுகப்படுத்தியவை காமிக்ஸ் புத்தகங்கள். தலையில் இறகு, கையில் கோடாரி, வாயில் முறிந்த தமிழ். பள்ளிப் பாடநூல் உங்களைச் 'செவ்விந்தியர்' என்றது. இப்போது கொஞ்சம் நாகரிகம் வந்து 'பூர்வகுடிகள்' என்கிறோம். இரண்டுமே நீங்கள் உங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் அல்ல. ஜிம் தார்ப் ஓக்லஹோமாவின் சாக் அண்ட் ஃபாக்ஸ் இனம். குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச்சும் ஜோ கையானும் ஒஜிப்வே. பாஸம் பவல் செரோக்கி. அலெக்ஸ் அர்காசா வாஷிங்டன் மாநிலத்துக் கோல்வில்காரர். பீட் கலாக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர். ஒருவர் பாட்டியின் மொழி அடுத்தவர் பாட்டிக்குப் புரியாது. அப்படிப்பட்டவர்களை ஒரே ஜெர்சிக்குள் தள்ளி 'இந்தியன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் நீங்கள் ஆடிய ஒரு சீசனைப் பற்றித்தான் இந்த மடல்.

கூடவே படிக்கிற என் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இது நாம் காலால் ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடும் ஆட்டம். கபடியில் பாடிப் போனவனைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே அமுக்குகிறோமே, அதுபோல வழியில் மடக்கிச் சாய்ப்பார்கள். தாண்டிவிட்டால் டச்டவுன். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல். இவ்வளவு போதும்.

உங்கள் பள்ளியைப் பற்றி உங்களுக்கே சொல்வது அபத்தம்தான். இருந்தாலும் ஒன்றிரண்டு வரி சொல்லாமல் ஆட்டத்துக்குப் போக முடியவில்லை. 1879-ல் பென்சில்வேனியாவின் கார்லைலில், ராணுவம் கைவிட்ட பழைய பாசறையில் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய பள்ளி அது. மனிதனைக் காப்பாற்ற வேண்டுமானால் அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றாக வேண்டும் என்பது அவர் மேடையிலேயே சொன்ன கொள்கை. கொடுமைக்காரராகத் தன்னை நினைத்தவர் இல்லை அவர். உங்களுக்கு நல்லது செய்வதாகவே நம்பினார். அதுதான் பயமாக இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கியதும் முடியை வெட்டினார்கள். புதுப் பெயர் வைத்தார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. வந்த அன்று ஒரு படம், சில மாதம் கழித்துக் கோட்டும் காலருமாக இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டு நாடெங்கும் அனுப்பினார்கள், முகப்பூச்சு விளம்பரம் போல. பாதி நாள் படிப்பு, பாதி நாள் தச்சு, தையல், தகரவேலை. கோடையில் வெள்ளையர் வீடுகளிலும் பண்ணைகளிலும் வேலை.

இந்தப் பள்ளிக்குள் கால்பந்து வந்த கதை எனக்குப் பிடித்தமானது. ஆரம்பத்தில் ஆடிய ஒரு மாணவருக்குக் கால் முறிந்ததும் பிராட் வெளியூர் ஆட்டங்களுக்குத் தடை போட்டார். பிறகு உங்கள் முன்னோடிகள் கூட்டமாக அவர் அறைக்குப் போய் அனுமதி கேட்டார்கள். கடைசியில் அவர் இரண்டு நிபந்தனையோடு இறங்கிவந்தார். எதிரணிக்காரன் குத்தினாலும் திருப்பிக் குத்தக் கூடாது என்பது ஒன்று. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பெரிய அணிகளை வென்று காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. கையைக் கட்டிக்கொண்டு ஜெயித்து வா என்பதற்கு இதைவிடத் துப்புரவான உதாரணம் கிடைக்காது.

உங்கள் முன்னோடிகள் அந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். குறும்பு.

1903-ல் ஹார்வர்டுக்கு எதிராக நடந்தது உங்கள் விடுதியில் எத்தனை தடவை சொல்லிச் சொல்லிச் சிரிக்கப்பட்டிருக்கும்! இரண்டாம் பாதித் தொடக்கத்தில் பந்து உங்கள் பக்கம் வருகிறது. எல்லோரும் ஒரு கொத்தாகக் கூடுகிறார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் பந்து சார்லஸ் டில்லனின் ஜெர்சிக்குள், முதுகுப் பக்கம் போய்விடுகிறது. அது நழுவாமல் இருக்க ஜெர்சியின் அடியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தார்கள். கொத்து கலைகிறது, எல்லோரும் நாலா திசையிலும் பந்து இருப்பதுபோல ஓடுகிறார்கள். டில்லன் மட்டும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடுகிறார். கையில் பந்தில்லாதவனை யார் மடக்குவார்கள்? முழு மைதானத்தையும் கடந்துவிட்டார். அந்த ஆட்டத்தில் 12–11 என்று தோற்றுப்போனோம் என்பதை உங்கள் ஆட்கள் கடைசியாகத்தான் சொல்வார்களாம். நானும் அப்படித்தான் சொல்வேன்.

இதற்கெல்லாம் மூளை பயிற்சியாளர் பாப் வார்னர் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எலாஸ்டிக் வைத்தது கோச்சின் யோசனையாக இருந்தாலும், ஹார்வர்டு ஆட்கள் நடுவே முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஓடியவர் டில்லன். அந்த முகத்துக்கு யாரும் பயிற்சி தர முடியாது. வருடக்கணக்காக, மனதில் இருப்பதை முகத்தில் காட்டாமல் வாழப் பழகியவர்களுக்கே அது வரும்.

1912-ஐ உங்கள் ஆண்டு என்று நான் சொல்வதற்குத் தார்ப் மட்டும் காரணமில்லை. அந்த ஆண்டு சட்டமும் உங்கள் பக்கம் சாய்ந்தது. அதற்கு முன்பு இந்த ஆட்டம் பெரும்பாலும் எருமைச் சண்டை. எடை அதிகமுள்ளவர்கள் முட்டி மோதித் தள்ளிக்கொண்டே போவார்கள். 1905-ல் களத்தில் செத்தவர்களின் எண்ணிக்கையைக் கண்டு அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினார். மறு ஆண்டு பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்தது. உடம்பில் கனமில்லாத உங்களுக்கு அது வரம். மற்ற பெரிய கல்லூரிகள் எறிவதை ஆண்மைக் குறைவாக எண்ணித் தயங்கிக்கொண்டிருந்தபோது, 1907-ல் உங்கள் அண்ணன்மார் எறிந்து எறிந்தே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26–6 என்று சாய்த்தார்கள். 1912-ல் எறியும் தூரத்துக்கு இருந்த வரம்பும் போயிற்று. பந்தை முன்னேற்ற மூன்று முயற்சிக்குப் பதில் நான்கு முயற்சி. டச்டவுனுக்கு ஐந்துக்குப் பதில் 6 புள்ளி. ஓட்டமும் எறிதலும் தந்திரமும் கொண்ட அணிக்கு இதைவிட நல்ல ஆண்டு அமையாது. இன்று கோடிக்கணக்கானோர் பார்க்கும் அமெரிக்கக் கால்பந்தின் எலும்புக்கூடு அந்த ஆண்டு உருவானதுதான்.

செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரை, பத்து வாரத்துக்குள் பதினான்கு ஆட்டம். ஆல்பிரைட்டை 50–7, லெபனான் வேலியை 45–0, ஊர்ப் பக்கத்து டிக்கின்சனை 34–0, வில்லனோவாவை 65–0. இந்த நான்கையும் விரிக்க வேண்டாம். சின்னக் கல்லூரிகள், நீங்களும் அவற்றை நினைவில் வைத்திருக்க மாட்டீர்கள். ஐந்தாவதாக வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரி, 0–0. அதற்குப் பிறகு வருகிறேன். சிரக்யூஸை 33–0 என்று வென்றபோது, முந்தைய ஆண்டு உங்களுக்குக் கிடைத்த ஒரே தோல்வி அவர்களிடம் 12–11 என்று வாங்கியதுதான் என்பது உங்கள் நினைவில் இருந்திருக்கும். பிட்ஸ்பர்க் 45–8. ஜார்ஜ்டவுன் 34–20. அதற்கு இரண்டே நாளில் எல்லை தாண்டிப் போய், கனடாவின் ரக்பி விதிகளையும் கலந்து டொரண்டோவோடு ஒரு ஆட்டம், 49–1. அந்த ஒரு புள்ளி கனடா விதியில் மட்டுமே கிடைக்கும். விருந்தாளிகள் வீட்டுக்காரர்களுக்கு அதையாவது விட்டுவைத்தீர்கள். லீஹை 34–14.

கணக்கைப் பார்த்தால் நீங்கள் ரயிலிலேயே குடியிருந்திருக்கிறீர்கள். கார்லைலில் பெரிய கூட்டம் உட்கார இடமில்லை. கூட்டம் இருக்கும் ஊருக்கு அணி போகும், வசூலில் பங்கு பள்ளிக்கு வரும். நீங்கள் மாணவர்களா, பள்ளிக்காகச் சுற்றிவரும் கம்பெனி நாடகக்காரர்களா என்று ஒரு நிமிடம் எனக்கே குழம்பிவிட்டது.

நவம்பர் 9, வெஸ்ட் பாயிண்ட்.

இந்த ஆட்டத்துக்காகத்தான் உலகம் உங்களை நினைவில் வைத்திருக்கிறது. எதிரே அமெரிக்க ராணுவ அகாடமி. வூண்டட் நீ ஓடைக்கரையில் லகோட்டா மக்களை ராணுவம் சுட்டுக் கொன்று 22 ஆண்டுகள்கூட நிறையவில்லை. சுட்டவர்களின் வாரிசுகள் ஒரு பக்கம், சுடப்பட்டவர்களின் வாரிசுகள் இன்னொரு பக்கம். ஆட்டத்துக்கு முன் வார்னர் இதைச் சொல்லித்தான் உங்களைச் சூடேற்றினார் என்பார்கள். அந்தப் பேச்சு ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு விதமாக வருகிறது. எனக்கு அதில் ஆர்வம் குறைவு. உங்கள் அப்பாமாரையும் தாத்தாமாரையும் யார் கொன்றார்கள் என்று உங்களுக்கு நினைவுபடுத்த நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பயிற்சியாளர் தேவைப்பட்டாரா என்ன?

பழிவாங்கும் கதை கேட்க நன்றாக இருக்கிறது. சினிமாவுக்குத் தோதானது. ஆனால் அன்றைக்கு நீங்கள் ஆடியதைப் பார்த்தால் அதில் கோபத்தைவிடக் கணக்குத்தான் அதிகம். பந்தோடு ஓடும் ஹாஃப்பேக்குகள் வழக்கமாகப் பின்னால் நிற்பார்கள். அன்று இருவரையும் முன்வரிசையின் இரண்டு முனைகளுக்கும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். பந்து இடமாகப் போகுமா, வலமாகப் போகுமா, எறியப்படுமா, தார்ப்பிடம் இருக்கிறதா, தார்ப்பிடம் இருப்பதுபோல நடிப்பா என்று எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. அந்த நிலைவரிசைக்குப் பின்னாளில் 'டபுள் விங்' என்று பெயர் வந்தது. நாடெங்கும் கல்லூரிகள் அதைப் பின்பற்றின. முதலில் புள்ளி எடுத்தது ராணுவ அணிதான். அதற்கப்புறம் அவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. 27–6.

கோபம் வந்தது அவர்களுக்கு. ராணுவ அணியின் கேப்டன் லீலண்ட் டெவோர், ஆள் மலைபோல இருப்பார். தன்னைவிடச் சிறிய ஜோ கையான் தன்னைத் தொடர்ந்து ஏமாற்றுவதைப் பொறுக்க முடியாமல், கீழே கிடந்த கையான்மேல் பாய்ந்தார். நடுவர் அவரை வெளியே அனுப்பினார். உங்கள் பக்கத்திலும் ஒருவர் கை நீட்டி வெளியேற்றப்பட்டார் என்பதை மறைக்க மாட்டேன். பிராட்டின் முதல் நிபந்தனை அன்று ஒரு தடவை உடைந்தது. உடையட்டும்.

மறுநாள் பத்திரிகைகள் தார்ப்பின் பெயரைப் போட்டுத்தான் வெற்றியை எழுதின. அவர் 92 கஜம் ஓடி எடுத்த டச்டவுன் ஒரு தவறுக்காக ரத்தானதாகவும், அடுத்த உதையிலேயே பந்தைப் பிடித்து மறுபடி 97 கஜம் ஓடியதாகவும் ஒரு கதை உண்டு. கதை ஓட ஓடக் கஜமும் கூடும். தார்ப் அன்று பேயாட்டம் ஆடினார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கோட்டைத் தாண்டிப் பந்தைப் பதித்தவர்களில் முதன்மையானவர் அர்காசா. அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எதிரணி மொத்தமும் தார்ப்பையே பார்த்துக்கொண்டிருந்ததால் அர்காசாவுக்கு வழி கிடைத்தது. எதைச் செய்யலாம் என்று ஒவ்வொரு தடவையும் முடிவெடுத்தவர் கஸ் வெல்ச். தார்ப்பின் புகழையே தூண்டில் புழுவாகப் போட்டு ஆடியிருக்கிறீர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எனக்கு அந்த 27 புள்ளியைவிட உயர்த்தி.

எதிரணியில் இருந்த ஒரு ஹாஃப்பேக்கின் பெயர் டுவைட் ஐசன்ஹோவர். பிற்பாடு உலகப்போரில் தளபதியானார், நாட்டின் அதிபரானார், தார்ப்பைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை என்று வயதான காலத்தில் மேடையில் சொன்னார். அவர் அதிபராகப் பதவியேற்றது 1953 ஜனவரியில். அதே ஆண்டு மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு டிரெய்லர் வீட்டில் தார்ப்பின் உயிர் பிரிந்தது.

வெஸ்ட் பாயிண்டுக்கு அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34–26 என்று தோற்றீர்கள். அந்த சீசனின் ஒரே தோல்வி. பழிவாங்கும் கதை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுகிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. உலகத்துக்கே பதில் சொல்லிவிட்டதாக ஊர் கொண்டாடிய ஏழாம் நாள் சாதாரணமாகத் தோற்கிற உரிமை ஒரு அணிக்கு வேண்டும் அல்லவா? அதற்கடுத்து ஸ்பிரிங்ஃபீல்டில் 30–24. உங்கள் முப்பது புள்ளியையும் தார்ப் ஒருவரே எடுத்தார். தூண்டில் புழு தானே மீனும் பிடித்த நாள். கடைசியாக நவம்பர் 28, பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32–0. அன்று நன்றி நவிலும் நாள். வந்தேறிகளுக்குப் பூர்வகுடிகள் சோறு போட்ட கதையைச் சொல்லி நாடு முழுவதும் வான்கோழி அறுக்கும் நாளில், உங்களுக்கு வேலை நாள்.

கூட்டிப் பார்த்தேன். நீங்கள் எடுத்தது 504, கொடுத்தது 114. பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1913 ஜனவரியில் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரப் பத்திரிகை ஒன்று, தார்ப் 1909-லும் 1910-லும் வட கரோலினாவில் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடினார் என்று எழுதியது. காசுக்கு ஆடியவருக்கு அன்றைய ஒலிம்பிக்கில் இடமில்லை. அவர் ஆடியது உண்மை. கோடையில் எத்தனையோ கல்லூரி மாணவர்கள் பொய்ப் பெயரில் அதே வேலையைச் செய்தார்கள். தார்ப் தன் சொந்தப் பெயரில் ஆடினார். அந்த நேர்மைக்குத்தான் தண்டனை. ஆட்சேபம் எழுப்ப ஒலிம்பிக் விதி தந்திருந்த 30 நாள் எப்போதோ முடிந்திருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பதக்கம் பறிபோனது. தவறென்று தெரியாமல் செய்துவிட்டேன், நான் ஒரு அறியாத இந்தியப் பள்ளிப் பையன்தானே என்ற பொருளில் தார்ப் கையெழுத்தோடு ஒரு கடிதம் அதிகாரிகளுக்குப் போயிற்று. அந்த நடை தார்ப்பின் நடை இல்லை. பள்ளி நிர்வாகமும் வார்னரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்து வாங்கியது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. தார்ப் கோடையில் எங்கே போனார் என்று தனக்குத் தெரியாது என்றார் வார்னர். ஜெர்சிக்குள் பந்தை மறைத்தவருக்கு இதை மறைப்பதா கஷ்டம்?

1982-ல் ஒலிம்பிக் குழு அவரை இணை வெற்றியாளர் என்றது. 2022-ல்தான் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று எழுதியது. அதை வெற்றி என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

இனி நான் இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சார்பாக எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். பிராட் எழுதினார். வார்னர் எழுதினார். பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஏதோ போர்க்களச் செய்தி போல, தலைத்தோல் உரிப்பதும் போர்ப்பாதையில் போவதுமாக எழுதித் தள்ளினார்கள். தார்ப்பின் மன்னிப்பைக்கூட அடுத்தவர்தான் எழுதினார். இவ்வளவுக்கும் நடுவே நீங்களே எழுதிய ஒன்று இருக்கிறது. அது ஒரு மனு.

தோழன் ஒருவனுக்கு நடந்ததைக் கண் முன்னால் பார்த்தபின், கஸ் வெல்ச் விடுதியில் ஒவ்வொரு அறையாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் போட்டார்கள். பள்ளியை விசாரிக்க வேண்டும் என்று வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். 1914 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் கூட்டுக்குழு கார்லைலுக்கே வந்து உட்கார்ந்து வாக்குமூலம் எடுத்தது. சாப்பாடு போதவில்லை என்று சொன்னார்கள். கோடை வேலைக்குப் போக மறுத்த ஒரு மாணவியைப் பலகையால் அடித்தது வெளியே வந்தது. நீங்கள் ஓடி ஓடிச் சேர்த்த விளையாட்டு நிதி எங்கே போனது, வார்னருக்கு வீடு கட்ட எவ்வளவு போனது என்பதெல்லாம் ஏட்டில் ஏறியது. வெல்ச்சும் இன்னும் சில ஆட்டக்காரர்களும் எழுந்து நின்று, நாடே மேதை என்று கொண்டாடிய தங்கள் கோச்சைப் பற்றி, அவர் வாயைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் மனதில் இருந்ததைச் சொன்னார்கள்.

அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பதுண்டு. வெஸ்ட் பாயிண்டில் நீங்கள் ஆடியபோது உங்கள் பின்னால் கோச் இருந்தார், பள்ளி இருந்தது, ஓரத்தில் பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். அங்கே தோற்றிருந்தால் ஒரு ஆட்டம் போயிருக்கும். இங்கே தோற்றால் சாப்பாடு, படுக்கை, படிப்பு எல்லாம் போகும். உங்களில் பலர் சட்டப்படி அந்த நாட்டின் குடிமக்களே இல்லை. எல்லாப் பூர்வகுடிகளுக்கும் குடியுரிமை 1924-ல்தான் வந்தது. தார்ப் தன் நிலத்திலிருந்து வந்த தன் பணத்தைப் பெறவே அரசு ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தவர். குடிமகனாக இல்லாதவன் நாடாளுமன்றத்துக்கு மனுப் போடுவதும், மனுவைக் கேட்க நாடாளுமன்றம் வந்து சேர்வதும் எனக்கு 97 கஜ ஓட்டத்தைவிட நீளமாகத் தெரிகிறது. சினிமா எடுக்கிறவர்களுக்கு ஏன் இது கண்ணில் படவில்லை? ஒருவேளை மனுவில் யாரும் ஓடுவதில்லை என்பதாலோ என்னவோ.

விளைவு பாதிதான். பள்ளித் தலைவர் மோசஸ் ஃப்ரீட்மன் பதவி இழந்தார். வார்னர் அந்த ஆண்டு சீசனை முடித்துக்கொண்டு பிட்ஸ்பர்க்குப் போய் அங்கேயும் ஜெயித்தார். உங்களிடமிருந்து கற்றதையும் கூடவே கொண்டுபோனார் என்பது என் கணிப்பு. நான்கு ஆண்டில் பள்ளியே மூடப்பட்டது. முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை வேண்டுமென்று 1918-ல் ராணுவம் தன் பாசறையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

நீங்கள் கலைந்துபோனீர்கள். வெல்ச் சட்டம் படித்தார். கையான் ஜார்ஜியா டெக்குக்குப் போய் அங்கும் ஆடினார். தொழில்முறைக் கால்பந்துக்கு 1920-ல் ஒரு சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் தார்ப், இன்றைய என்.எஃப்.எல். அதிலிருந்து வளர்ந்ததுதான். 1922-ல் ஒஹாயோவின் லாரூ என்ற சிற்றூரில் நாய் விற்கும் ஒருவர் தன் ஏர்டேல் நாய்களுக்கு விளம்பரமாக 'ஊராங் இந்தியன்ஸ்' என்று ஒரு அணி வைத்தார். தார்ப், கையான், கலாக் எல்லோரும் அதில் ஆடினீர்கள். இடைவேளையில் நாய்களோடு வித்தையும் காட்ட வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதையும் நான் சோகக் கதையாக எழுதிவிடக் கூடாது. பழைய கூட்டாளிகள் மறுபடி ஒன்றாக ரயிலேறிப் போயிருக்கிறீர்கள், சம்பளத்தோடு. சிரித்துமிருப்பீர்கள்.

உங்கள் பள்ளி இருந்த இடத்தில் இப்போது அமெரிக்க ராணுவத்தின் போர்க் கல்லூரி இருக்கிறது. வாசலருகே ஒரு சிறு கல்லறைத் தோட்டம். உங்களுக்கு முன்னால் அங்கே வந்து, காசநோயிலும் காய்ச்சலிலும் போய், வீடு திரும்பாத குழந்தைகள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அவர்களை நிஜமாகவே பிள்ளைகள் என்று அழைக்கலாம். 2017 முதல் ஒவ்வொரு இனத்தாராக வந்து, தோண்டி எடுத்து, போர்வையில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். 2024 டிசம்பரில் அந்த இடத்தை அதிபர் பைடன் தேசிய நினைவிடம் என்று அறிவித்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

நானும் உங்களைப் பற்றி எழுதிய இன்னொருவன்தான். பிராட், வார்னர், பத்திரிகைக்காரர்கள் வரிசையில் கடைசியில் நிற்கிறேன். அதனால் இதற்குமேல் உங்கள் மனதில் என்ன இருந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு ஒரு ரசிகனாகக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அக்டோபர் 5. வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன். அதற்கு மூன்று நாள் முன்னால் 65 புள்ளி எடுத்த அணி, ஒரு வாரம் கழித்து 33 எடுக்கப்போகிற அணி. தார்ப் இருந்தார், வெல்ச் இருந்தார், கையான் இருந்தார். கம்பங்களுக்கு நடுவே ஒரு உதைகூடப் போகவில்லையே, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர்கூடப் போய்ச் சேரவில்லையே. 0–0. அன்றைக்கு என்னதான் ஆயிற்று உங்களுக்கு?

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகன்